அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி

மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பவன் வேலை, பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள் அரை நிமிடம் தேய்ப்பதும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதும்தான். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். ஆஸ்திரேலியாவில் பதினாறு வருடம் கண்ணாடிக் குழாய்களோடு வாய் திறக்காமல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பாதிப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்: பயிற்சியில் சொல்லித் தராத கேள்விதான் முதலில் வரும். ஒரே ஒரு குடும்பம் எனக்கு வைத்த பரீட்சையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முடிப் பொட்டலம்

பெக்கோக்கிலிருந்து மணியம் அண்ணன் வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. கூடவே மனைவி லெட்சுமி அக்கா, இருபது வயது மகள் கவிதா. அக்கா வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறித் தங்கியிருந்த காலத்தில் கவிதா பிறந்திருக்கிறாள். அந்த அலைச்சலில் பிறப்பைப் பதியவே இல்லை. அதனால் அவளுக்கு இன்னும் ஐசி என்ற அடையாள அட்டை கிடையாது. லைசன்ஸ் எடுக்க முடியாது, வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, எந்தத் தொழிற்சாலையிலும் நிரந்தர வேலை கேட்க முடியாது. இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இவள் இவர்கள் பெற்ற மகள்தான் என்று எங்கள் அறிக்கை சொன்னால்தான் அது நகரும்.

அண்ணன் தலை புது மொட்டை. மகளுக்கு ஐசி கிடைக்க வேண்டுமென்று முருகன் கோயிலில் வேண்டுதல். அந்த முடியில் ஒரு பிடியைப் பொட்டலமாகக் கட்டி என் மேசைமேல் வைத்தார். கத்தியால் சிரைத்த முடியில் வேர் இருக்காது, வேரோடு ஒட்டிய செல்தான் எங்களுக்கு வேண்டும், இது உதவாது என்று பக்குவமாக விளக்கினேன். அக்கா பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டாக்டர் இல்லை என்று அதற்குள் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

"முருகனுக்கே போதுமாயிருந்துச்சு டாக்டர், உங்களுக்குப் போதலயா?"

யார் யாரோடு

வரும் வழியில் ஆயர் ஈத்தாமில் நிறுத்தி நாசி லெமாக் சாப்பிட்டிருந்தார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று உட்கார வைத்தேன். கவிதா சுவரில் மாட்டியிருந்த டிஎன்ஏ படத்தைக் காட்டி என்னவென்று கேட்டாள். தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழ், இடைநிலைப் பள்ளியில் கற்ற மலாய் இரண்டையும் கலந்து எடுத்துவிட்டேன். முறுக்கிவிட்ட நூலேணி மாதிரி இரண்டு இழைகள். நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்துகள் கைகோத்து நிற்பது. மொத்தம் நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஏ எப்போதும் டியோடுதான் சேரும், ஜி எப்போதும் சியோடுதான். ஆகவே ஒரு இழை கையில் இருந்தால் மற்ற இழையை நாமே எழுதிவிடலாம். உடம்பும் அப்படித்தான் இரண்டையும் பிரித்து வைத்து நகல் எடுக்கிறது.

கவிதா தலையாட்டினாள். அண்ணன், அக்கா பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, ஒங்கப்பா அங்கயும் பூந்துட்டாரு. யாரு யாரோட சேரணும்னு உள்ளுக்குள்ளயும் ஜாதி பாக்குறாங்க லா."

இருபத்து மூன்றில் ஒன்று

முடிவு வந்தது. மரபணுவில் பார்த்த எல்லா இடமும் அம்மாவோடு பொருந்தியது. அப்பாவோடு பார்த்த இருபத்து மூன்று இடங்களில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ஒரு சின்னத் துண்டு எத்தனை தடவை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவதுதான் இந்தச் சோதனை. அப்பாவிடம் பதினாறு, மகளிடம் பதினேழு. நகல் எடுக்கும்போது ஒன்று கூடிப்போவது உண்டு. எங்களுக்குப் பழக்கமான சங்கதிதான். ஆனாலும் இன்னும் சில இடங்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. புது மாதிரிக்காக அவர்களை மறுபடியும் வரச் சொன்னேன்.

வந்தவர்களிடம், எந்த வார்த்தையில் சொன்னாலும் தப்பாகத்தான் கேட்கும் என்று தெரிந்தே விஷயத்தைச் சொன்னேன். கவிதா, "அப்ப ஐசி கெடைக்காதா சார்?" என்றாள். அண்ணன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மீதி எத்தனை சரி என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன்.

"எங்க பரம்பரையிலயே இவ்ளோ மார்க் வாங்குனது இவதான். ம், குச்சிய வைங்க."

படம்

கூடுதலாகப் பார்த்த இடங்கள் அத்தனையும் பொருந்தின. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பல மாதம் சத்தமில்லை. ஒரு மதியம் மூன்று பேரும் மாடியேறி வந்தார்கள். கவிதா ஐசியை என் மேசைமேல் வைத்தாள். அக்கா, எண்ணெய் பட்டுவிடும் என்று கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் தள்ளி வைத்தார்.

எடுத்துப் பார்த்தேன். சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போலும். படத்தில் இருந்தவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு முறைத்தாள். நிமிர்ந்தால், எதிரே அண்ணன் அதே புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் பார்த்ததைக் கவிதாவும் பார்த்துவிட்டாள்.

"அப்படியே அப்பா மூஞ்சி சார். இந்தப் படத்த மொதல்ல எடுத்துக் காட்டியிருந்தா, உங்களுக்கு இவ்ளோ வேல இருந்திருக்காது."

பதினாறு வருடம் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்ததை வாடிக்கையாளர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார்கள் என்றாலும், கையெழுத்தும் முத்திரையும் மட்டும் இன்னும் என்னிடம் இருப்பதால் பிழைப்பு ஓடுகிறது.