கேள்வி கேட்டால் காத்திரு

முதல் மாதிரித் தேர்வில் நான் நிறுத்தாமல் பேசினேன். ஜோடியாக உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா இரண்டு முறை ‘எஸ்’ என்றாள். அவ்வளவுதான். பொத்தேரி கோச்சிங் சென்டர் சார் பேனாவை மூடி வைத்தார்.

“இன்னா அண்ணாத்த, இது ஸ்பீக்கிங் டெஸ்ட்டா, கட்சி மீட்டிங்கா? ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசணும். நீயே பேசிகினு இருந்தா உனுக்கும் மார்க் போவும், அந்தப் பொண்ணுக்கும் போவும்.”

எனக்கு வயது நாற்பத்து மூன்று. படிப்பு எட்டாவதோடு நின்றது. லாரி கிளீனர், இறால் பண்ணை, ஓட்டல் அடுப்படி என்று சுற்றிவிட்டு, முட்டுக்காட்டில் படகுச் சவாரிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் அங்கேதான் வாயில் ஒட்டியது. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் படகு சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னார்கள். இடைநிலை ஆங்கிலச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் வேலை. மாதச் சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் லீவும் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

ஸ்டெல்லா திருப்போரூர்க்காரி, நர்ஸ். எழுத்துத் தேர்வில் புலி. வாய்தான் திறக்காது. எனக்கோ மூடாது. படகுத்துறையில் ஒரு நொடி இடைவெளி விட்டால் கஸ்டமர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். அதனால் கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிப் பழகியிருந்தேன்.

ஸ்டெல்லாதான் வழி கண்டுபிடித்தாள்.

“அண்ணா, நீங்க என்கிட்ட கொஸ்டின் கேட்டவுடனே ஒரு கை வேர்க்கடலையை வாயில போட்டுக்குங்க. மென்னு முழுங்கற வரைக்கும் என் டர்ன்.”

டீக்கடை பெஞ்சில் பயிற்சி நடந்தது. முதல் நாள் அவள் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நான் விழுங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் அவள் ஒரு முறை பேசி முடிப்பதற்குள் பாதிப் பொட்டலம் காலி.

“வயிறு பேஜாரா கீதும்மா” என்றேன்.

“அப்போ நான் நல்லாப் பேசறேன்னு அர்த்தம்” என்றாள்.

தேர்வு நாளில் மேஜையில் ஆறு படங்கள். முதியவர்கள் சுற்றுலா போக எது நல்லது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு படத்தில் படகு! காரணத்தோடு படகைச் சொன்னேன். “வாட் டு யூ திங்க்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

ஸ்டெல்லா துப்பட்டா நுனியை முறுக்கினாள். தேர்வாளர் எங்களைப் பார்த்தார். நாலு வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. மேஜைக்கடியில் ஒரு காலால் மறு காலை மிதித்துக்கொண்டேன்.

“ஐ டோன்ட் அக்ரீ” என்றாள்.

வயதானவர்கள் படகில் ஏறி இறங்குவது ஆபத்து, இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களை வார்டில் தினமும் பார்க்கிறேன், மியூசியம்தான் சரி என்று இங்கிலீஷில் அடுக்கினாள். என் தொழிலையே குறை சொல்கிறாளே! சாய்தளம் போட்டால் ஆயிற்று என்றேன்.

“அண்ட் டாய்லெட்?” என்றாள்.

“ஓகே, மியூசியம்” என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தேர்வாளரே சிரித்துவிட்டார்.

இருவரும் பாஸ். வேலையும் கிடைத்தது.

புதிதாகச் சேரும் படகோட்டிகளிடம் ஒன்று சொல்வேன்: விருந்தினரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், அவர் சொல்லும்வரை நில்லுங்கள். போன வாரம் ஒரு பெரியவர் நெடுநேரம் யோசித்து, படகு வேண்டாம், கரையில் ஒரு நாற்காலி போட்டால் போதும் என்றார். போட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.