மலையேற்றிய ஊதா விளக்கு

இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் அது செய்தி. பத்திரிகை வேலையில் நான் கற்ற விதி இது. பேய், ஆவி என்று வந்த எத்தனையோ கதைகளை இதை வைத்தே குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். இதையும் நீங்கள் அப்படிப் போட்டால் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம், டெல்லியில் மழைக்காலம். என் மனைவி மாலதி விலங்கியல் ஆசிரியை. அந்துப்பூச்சிகளை வரவழைக்கும் விளக்கு வாங்கப் பள்ளியில் வசதியில்லை என்றதும் தானே செய்ய உட்கார்ந்துவிட்டாள். எமர்ஜென்சி லைட்டைப் பிரித்து, வெள்ளை டியூபை எடுத்துவிட்டு, கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் கருவியின் ஊதா டியூபைப் பொருத்தினாள். கைப்பிடியோடு எங்கும் தூக்கிப் போகலாம். திரைக்கு என் வேட்டி. ஆர்.கே.புரம் வீட்டு மொட்டை மாடியில் வேட்டி பளீரென்று மின்னியது. நாற்புறமும் தெருவிளக்கு, பூச்சிதான் வரவில்லை.

"இன்னைக்கும் வரலேன்னா பழைய சாமான் எடுக்கற கபாடிவாலாவுக்குப் போட்டுடுங்க. பசங்க கிட்ட வேற பெருசா சொல்லி வச்சிருக்கேன்," என்றாள்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில்காரி. பிள்ளை, மருமகள் யாரானாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவாள். சாமி விளக்கை 'அணை' என்பது அவளுக்கு அமங்கலம், 'மலையேத்து' என்பாள். டெல்லியில் பிறந்த மாலதிக்கு அது தெரியாது. கல்யாணமான புதிதில், "விளக்க மலையேத்திரு மக்களே" என்று அம்மா சொன்னதும், எரிகிற விளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு மலைமந்திர் முருகன் கோயிலுக்கு ஆட்டோ பிடித்துவிட்டாள்.

"முருகனே எறங்கி வந்து, ஏன் மக்களே நடந்து வரலியான்னு கேட்டிருப்பாரு," என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரித்தாள். அந்த மழைக்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

அன்றும் வெகுநேரம் காத்திருந்தோம். விளக்கை நிறுத்த நான் குனிந்தேன்.

"மலையேத்திரு மக்களே."

பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து கேட்டது. மாலதி, "அச்சா," என்று சொல்லிவிட்டு விளக்கையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் எதுவும் கேட்காமல் பின்னால் போனேன். கேட்டால் அது செய்தியாகிவிடும் என்ற பயமோ என்னவோ.

அவள் போய் நின்றது மலைமந்திர் குன்றில். கோயிலுக்குப் பின்னால் பாறைச் சரிவு, தெருவிளக்கு எட்டாத இருட்டு. முள்மரக் கிளையில் வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டாள். முதலில் ஒன்று வந்தது, சாம்பல் நிறம். பிறகு மஞ்சள், பாசிப்பச்சை, சிறகில் கண் வரைந்தவை. நம்பினால் நம்புங்கள், கொஞ்ச நேரத்தில் வேட்டியின் வெள்ளையே தெரியவில்லை. மாலதி, "தேகோ, தேகோ! பாருங்க!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

திரும்பும்போது கேட்டேன். "இங்க வரணும்னு எப்படித் தோணிச்சு?"

"அத்தைதானே சொன்..." நின்றுவிட்டாள். "நீங்களும் கேட்டீங்கதானே?"

கேட்டிருந்தேன். இரண்டு சாட்சி.

பக்கத்து மாடிக் குரலாக இருக்கலாம். பழகிய காது தானாகக் கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுதான் இன்றும் உறுத்துகிறது. அந்தக் குரல் அணைக்கத்தான் சொன்னதா? அம்மா அந்தச் சொல்லை எண்ணெய் விளக்குக்கு மட்டுமே சொல்வாள். கரண்டிலோ பேட்டரியிலோ எரிகிற எதுவானாலும் அவளுக்கு, "ஆஃப் பண்ணு மக்களே"தான்.