தலை அவனுக்கு, தாடை அவளுக்கு

வெர்னா கொவாலிக், ஃபிரெஸ்னோ ஊரில் பல் செட் செய்கிறவரின் மகள். கிழவர்களுக்குப் பல் கட்டி அலுத்துப்போய், பர்பாங்கில் சினிமாவுக்கு இயந்திர மிருகம் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். அவள் செதுக்கிய ஓநாய்ப் பல்லைப் பார்த்தால் நீட்டிய கை தானாகப் பின்னுக்குப் போகும்.

அந்த வேலையைக் கெடுத்தவன் அதே பட்டறையில் இருந்த ராஸ்கோ டிபெட். இயந்திரக் குரங்கு ஒன்றின் வாய்க்குள் கைவிட்டு அவள் பல் பொருத்திக்கொண்டிருந்தபோது, பார்க்காமல் நெம்புகோலைத் தள்ளிவிட்டான். தாடை மூடியது. வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்க, இங்கே அவன் முதலாளி மென்டன்ஹாலிடம், "அவ மேல பீர் வாடை அடிச்சுது" என்று சொல்லி முடித்திருந்தான். அன்று அவள் குடித்தது வெறும் காப்பி. முதலாளி அவனைத்தான் நம்பினார்.

மடங்காத விரல்களால் செதுக்க முடியாது, நெம்புகோல் பிடிக்கலாம். பிடித்தாள். சில வருஷங்களில் மிருகங்களின் தாடையையும் கண்ணையும் ஆட்டுவதில் அவளுக்கு இணையில்லை என்றானது. கழுத்தையும் தலையையும் ஆட்டுவதில் ராஸ்கோவுக்கு இணையில்லை. வினையே அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பெரிய டைனோசர் படம் வந்தபோது மென்டன்ஹால் அவளைக் கூப்பிட்டார்.

"தலை அவனுக்கு, தாடை உனக்கு. நெம்புகோல் மேடையில பக்கத்துல பக்கத்துலதான் உக்காரணும்."

"அந்த ஆளு பக்கத்துலயா? அதுக்கு நான் டைனோசர் வாய்க்குள்ளயே உக்காந்துக்கறேன்."

"நீங்க ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்கோங்க, எனக்கென்ன. படத்துல அது ஒழுங்கா கடிக்கணும்."

கறுப்புத் திரைக்குப் பின்னால் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. அவன் டைனோசரின் தலையைத் திருப்பப்போகிறான் என்றால்கூட முதலாளிதான் வந்து சொல்ல வேண்டும்.

மழைக் காட்சி வந்தது. ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. யாரும் தொடாமலே தலை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் துண்டை வைத்து ஒற்றினார்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை.

ராஸ்கோ அவள் பக்கம் திரும்பாமலே வாயைத் திறந்தான். "என்ன அம்மணி, தாடை ஆடுது? இன்னைக்கும் ஊத்திக்கிட்டுதான் வந்தீங்களா?"

கேமரா ஓட ஆரம்பித்திருந்தது. காட்சிப்படி டைனோசர் ஜீப்பை முகர்ந்து பார்த்துவிட்டு விலக வேண்டும். வெர்னாவுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. தாடையை முழுக்கப் பிளந்தாள். அவள் ஷாட்டைக் கெடுத்தால் பழி தன் மேல் விழாமல் இருக்க வேண்டுமே என்று அவன் டைனோசரின் தலையை வெடுக்கென்று இழுத்தான். நனைந்த கனம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. தலை எதிர்ப்பக்கம் சரிந்து ஜீப்பின் கூரை மேல் விழுந்தது. அவள் தாடையை அறைந்து மூடினாள். தகரம் கிழிந்தது. பல் ஒன்று உடைந்து தெறித்தது. உள்ளே இருந்த நடிகர் போட்ட கூச்சலில் நடிப்பே இல்லை.

மென்டன்ஹால் ஓடிவந்தார். "யாரு வேலை இது?"

"இவதான்."

"இந்தாளுதான்."

அவருக்குப் பின்னாலேயே டைரக்டரும் சொட்டச் சொட்ட வந்து நின்றார். "இதுதாங்க எனக்கு வேணும்! அந்த நடுக்கம், அந்தக் கோபம்! யாரோட யோசனை?"

"என்னோடது" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

படம் உலகத்தையே உலுக்கியது. ஜீப்பைக் கடிக்கும் அந்தக் காட்சிக்காகக் கலைஞர்கள் இருவரும் மாதக்கணக்கில் முதலைகளைக் கவனித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வெர்னா ஜன்மத்தில் முதலைப் பண்ணை வாசலை மிதித்தவள் அல்ல.

வருஷங்கள் கழித்து ரசிகர் மாநாடு ஒன்றில் ராஸ்கோ மேடையேறி அதே முதலைக் கதையைச் சொன்னான், தன் யோசனை என்று. கூட்டத்தில் இருந்த வெர்னா எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"முதலையும் இல்ல, மண்ணும் இல்ல. நான் குடிச்சிருக்கேன்னு இந்தாளு வாய் கூசாம பொய் சொன்னான். அவன் தலையைக் கடிக்கணும்னு எனக்கு வெறி. அது எட்டல. ஜீப் எட்டுச்சு."

அரங்கமே எழுந்து சிரித்துக் கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ராஸ்கோதான். "மேல வாங்க அம்மணி!"

"உன் பக்கத்துல ஒரு தடவை உக்காந்ததே இந்த ஜன்மத்துக்குப் போதும்யா."

அதற்கும் கைதட்டல். நிஜத்தைச் சொன்னாலும் வேடிக்கை என்றே எடுத்துக்கொள்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வெளியே போய் ஒரு ஹாட் டாக் வாங்கி, தின்னப் பிடிக்காமல் குப்பையில் போட்டாள்.

ராஸ்கோ ஒரு கத்தைப் புகைப்படங்களோடு அங்கே வந்தான். எல்லாம் பட்டறை நாளில் எடுத்த ஒரே படம். இருவரும் நெம்புகோல் மேடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ரசிகருங்களுக்கு ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமாம். போட்டுக் குடு."

"அந்தக் குரங்கு விஷயத்துல நீ சொன்னது பொய்னு ஒத்துக்கோ, போடறேன்."

"வாடை அடிச்சுது. இப்பவும் அதான் சொல்வேன்."

அவள் அவன் சட்டைப்பையில் இருந்த தடித்த பேனாவைப் பிடுங்கினாள். முதல் படத்தில் அவன் முகத்தின் மேல், நெற்றியிலிருந்து மோவாய் வரை மறைய, தன் பெயரை எழுதினாள். அடுத்ததிலும் அப்படியே. அவன் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு உள்ளே போனான்.

சற்று நேரத்தில் திரும்பி வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அந்த மாதிரியேதான் வேணும்னு வரிசையில நிக்கறானுங்க" என்று புகைப்படக் கத்தையை அவளிடம் நீட்டினான்.