என் மகள் வேறொருத்தியிடம்தான் வாய் திறந்தாள்

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் என் மகள் ஜெனி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். மாதா கோயில் கொடியேற்றத்துக்குச் சில நாள்தான் இருந்தது. பெசன்ட் நகரில் திருவிழாக் கடைகள் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் வயிறெரிந்துகொண்டு கிடந்தேன். யார்மேல் என்றால், என் பிள்ளைக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிற நஸ்ரீன்மேல்.

என் பேர் ஸ்டெல்லா. நம்ம அன்பிய ஜெபக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீடு திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம். கடை முடிந்து, இரண்டு பஸ் மாறி நான் வந்து சேரும்போது ஜெனி சாப்பிட்டே முடித்திருப்பாள். சாயங்காலம் முழுக்க அவள் கிரவுண்டில்தான். அங்கே நஸ்ரீன்.

நஸ்ரீன் காலேஜ் டீமில் ஆடின பொண்ணு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு டீம் நடத்துகிறாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் "கோச் அக்கா சொன்னாங்க"தான். தண்ணீர் குடிக்கச் சொன்னது, சீக்கிரம் தூங்கச் சொன்னது, எல்லாம் கோச் அக்கா. நான் வருஷக்கணக்காகச் சொன்னதும் அதேதானே? நான் எண்ணெய் வைத்துப் பின்னி வளர்த்த முடியை ஒரு நாள் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். நஸ்ரீன் முடி மாதிரியே. "நல்லாருக்கா மம்மி?" என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அந்த ஆகஸ்டில் ஜெனி வேறு பிள்ளை ஆகிவிட்டாள். டியூப்லைட்டைப் போட்டால் கத்துவாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். குக்கரை அணைக்கச் சொன்னால் மறந்துவிடுவாள், கேட்டால் "நீ சொல்லவே இல்ல" என்பாள். ஒரு காலையில் வாந்தி எடுத்தாள். கேன்டீன் சாப்பாடு என்றாள். பதினாலு வயசுப் பிள்ளை எரிந்து விழுந்தால் நாம் என்ன நினைப்போம்? அந்தப் பொண்ணு என் பிள்ளை மனதைக் கலைத்துவிட்டாள், என்னை வேண்டாதவள் ஆக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பொறாமை என் கண்ணை அப்படிக் கட்டியிருந்தது. பெற்றவள் நான், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதே எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்குக் கிளம்புமுன் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடும். அவள் மனதில் இருப்பதைப் பேச வையும்" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, கல்யாணக் கூட்டம் ஒன்றுக்குச் சேலை பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ஸ்டெல்லா அக்கா, நஸ்ரீன் பேசுறேன். பதறாதீங்க. ஜெனிய அடையார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். தலையில அடிபட்டிருக்கு. இன்னைக்கு இல்ல, போன வாரம்."

போன வாரமா? சேலையைப் போட்டது போட்டபடி விட்டுக் கிளம்பினேன்.

நடந்ததை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம் பள்ளிக்கூட மேட்ச். அதற்கு நஸ்ரீன் போகவில்லை. மூலையிலிருந்து பந்து உயரமாக வந்திருக்கிறது. அதைத் தலையால் முட்ட ஜெனியும் எதிர் டீம் பொண்ணும் ஒரே நேரத்தில் எம்பியிருக்கிறார்கள். அந்தப் பொண்ணின் நெற்றி ஜெனியின் காதுக்கு மேலே மோதிவிட்டது. கீழே விழுந்தவளை அங்கிருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்று ஆட விட்டிருக்கிறார்கள். கடைசிவரை ஆடியிருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வு மேட்ச் இருந்தது. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பயிற்சியில், அந்த வாரம் முதல்முறையாக நஸ்ரீன் பந்தைத் தலைக்கு வீசியபோது, பந்து வருமுன்னே ஜெனி கண்ணை மூடிக்கொண்டு விலகிவிட்டாளாம். உடனே நஸ்ரீன் ஆட்டத்தை நிறுத்தி அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன். "இன்னாம்மா, புள்ளைக்கா? ஆஸ்பத்திரி கேட்டாண்டயே வுட்டுடறேன், அழாத" என்று டிரைவர் சிக்னலில் சந்து பார்த்து நுழைந்து கொண்டுபோய் இறக்கினார்.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "மண்டையோட்டுக்கு உள்ளே மெல்லிசா ரத்தம் கசிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில மறுபடி ஸ்கேன் எடுப்போம். கசிவு கூடியிருந்தா ஆபரேஷன்தான்."

ஐசியூவில் ஜெனியைப் பார்க்க விட்டார்கள். கண்ணைத் திறந்தாள். அவள் கேட்ட முதல் வார்த்தை, "கோச் அக்கா போயிட்டாங்களா?"

பிள்ளை உயிருக்குப் போராடும்போதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன், அவள் தேடுவது வேறு ஆளை.

வெளியே வந்தால், நஸ்ரீன் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு அசைகிறது. துவா செய்கிறாள். என் பிள்ளைக்காக. என் கையில் ஜெபமாலை இருந்தது. என் பிள்ளைக்காக ஜெபிக்கிற உரிமையாவது எனக்கு மட்டும் இருக்கக் கூடாதா என்று எரிந்தது.

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"போறேன் அக்கா. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாள். போகவே இல்லை.

கடைசியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்கிட்ட ஒரு வாரமா வாயே திறக்கல. உன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னா?"

"கேட்டதுக்கு என்கிட்டயும் சொல்லல அக்கா. நாளைக்கு நீ ஆட வேணாம், ஆனா டீம்ல உன் இடம் எங்கயும் போகாதுன்னு சொன்னேன். அப்புறம்தான் அழுதா. 'மம்மிகிட்ட சொல்லாதீங்க, நின்னு நின்னு கால் வீங்கி வராங்க, இதையும் கேட்டா உடைஞ்சிடுவாங்க'ன்னா."

அதைக் கேட்டபிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தா ஓரத்தில் போய் நின்றேன். என்மேல் பாசம் இல்லாமல் அவள் மறைக்கவில்லை. அதையும்கூட நான் அவள் வாயால் கேட்கவில்லை, நஸ்ரீன் வாயால் கேட்கிறேன். "ஆண்டவரே, அவள் யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும். யாரை வேண்டுமானாலும் தேடட்டும். உயிரோடு கொடும்" என்றேன். அந்த ஜெபம் என் வாயிலிருந்து லேசில் வரவில்லை.

காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு கூடவில்லை. ஆபரேஷன் தேவையில்லை என்றார் டாக்டர். நான் அந்த இடத்திலேயே முட்டி போட்டுவிட்டேன். என்னை எழுப்பி உட்காரவைத்து அவர் சொன்னார், "இந்த நிலைமையில இவ இன்னைக்கு மேட்ச் ஆடி, இன்னொரு அடி பட்டிருந்தா, நாம இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்மா. யாரு நிறுத்தினது?"

நஸ்ரீனைக் காட்டினேன். என் கை கொஞ்சம் தயங்கித்தான் எழுந்தது. ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை நான் என்ன கேட்டேன்? என் பிள்ளையைப் பேச வையும் என்று கேட்டேன். பேச வைத்தார். என் காதில் பேச வைக்கவில்லை, அவ்வளவுதான். கடை கவுண்டரில் நிற்கிற என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருப்பேன். ஆண்டவர் ஆளைத் தெரிந்துதான் அனுப்பினார்.

கசிந்த ரத்தம் மெதுவாகக் கரைந்தது. பல மாதம் ஓய்வு. போன் கிடையாது, வெயில் கிடையாது, பள்ளிக்கூடம் முதலில் பாதி நாள்தான். இப்போது டாக்டர் சொல்லி மெதுவாக ஓடுகிறாள், பந்தைக் காலால் தட்டுகிறாள். தலையால் முட்ட இன்னும் அனுமதி இல்லை. மாவட்ட டீமில் வேறு பொண்ணு ஆடுகிறாள். ஜெனி அதற்கு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நஸ்ரீன் பெற்றவர்களையெல்லாம் கிரவுண்டுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். சின்னப் பிள்ளைகள் தலையால் முட்டவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் முறையாகச் சொல்லிக்கொடுத்து, குறைவாகத்தான். யாருக்குத் தலையில் அடிபட்டாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போன், டாக்டர் விடாமல் திரும்ப ஆட்டமில்லை.

ஒரு பிள்ளையின் அப்பா முணுமுணுத்தார். "தலையில முட்டாம இன்னா ஃபுட்பால்மா இது?"

நஸ்ரீன் வாய் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "என் பொண்ண ஐசியூவுல பார்த்தவ நான் சார். பந்து போனா திரும்ப வரும்" என்றேன். 

இப்போது லீவு நாளில் கிரவுண்டுக்குப் போய் உட்காருகிறேன். ஜெனி என்னிடம் பேசுகிறாள், முன்னைவிட அதிகமாகவே. ஆனாலும் ஓடி முடித்ததும் அவள் முதலில் திரும்பிப் பார்ப்பது நஸ்ரீனை. அப்போது உள்ளே ஒன்று சுடும். அதை எடுத்துப்போடும் என்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆண்டவர் இன்னும் எடுக்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் தினமும் நன்றி சொல்கிறேன்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விளையாடுகிற பிள்ளை வெளிச்சம் பிடிக்கவில்லை, தலை வலிக்கிறது என்றால், மறதியும் கோபமும் திடீரென்று வந்தால், திட்டாதீர்கள். எங்கேயாவது அடிபட்டதா என்று கேளுங்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெபமும் செய்யுங்கள், அவர் கேட்பார். பதில் உங்களுக்குப் பிடிக்காத ஆளின் கையில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நஸ்ரீனுடைய அம்மாவுக்கு அடுத்த வாரம் இருதய ஆபரேஷன். ஜெனி வந்து என்னிடம் சொன்னாள். இன்றைக்கு மன்றாட்டில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நஸ்ரீன் பேரைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் முதலில் சத்தமாகச் சொல்லுங்கள், கூடவே நானும் சொல்லிவிடுகிறேன்.