முப்பத்தைந்தில் நிற்காத கடல்

வீடுகளில் பவளத் தொட்டி கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். அதில் பாதிக் காலம் தொட்டிக்குள் ஒன்றுமே இருக்காது. கேள்விகள் அதிகம் வருவதும் அந்தக் காலத்தில்தான். புது வேலையின் முதல் மாதங்களில் 'இது என் பிழையாக இருக்குமோ' என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பியவர்கள் உங்களில் இருந்தால், இது உங்களுக்காக. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது கடலுயிரியல். இருப்பது ரொறன்ரோ.

லொறியில் வந்த கடல்

மில்லிக்கனில் எங்கள் வாடிக்கையாளர் பாலா அங்கிளின் பேஸ்மென்ற், வீட்டின் நிலக்கீழ்த் தளம். சுவரிலிருந்து சுவர்வரை இருபதடி நீளத் தொட்டி, எண்ணாயிரம் லீற்றர். இங்கே எல்லோரும் குழாய்த் தண்ணீரைச் சுத்திகரித்து உப்புக் கரைப்பார்கள். அங்கிள் ஒப்பவில்லை. "உப்பைக் கரைச்சா அது கடலே?" என்றார். ஆகவே அத்திலாந்திக் கரையிலிருந்து கடல்நீர் ஏற்றிய ஒரு ராங்கர் லொறி இரண்டு நாள் ஓடி வந்து தெருவை மறித்து நின்றது.

அளந்து பார்த்தேன். லீற்றருக்கு முப்பத்தொரு கிராம் உப்பு. பவளத்துக்கு முப்பத்தைந்து வேண்டும். கடலில் உப்புப் போதாது என்று ஒரு மனிதருக்கு எப்படிச் சொல்வது? மறைக்க மனம் வராமல் சொல்லிவிட்டேன். இரண்டு வாளி உப்புக் கரைக்க வேண்டும் என்றேன். அங்கிள் வாளிகளைப் பார்த்தார், மேல்மாடிப் படியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"செய்யும். ஆனா அன்ரிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும், பிள்ளை."

மீன் எங்கை?

தண்ணீர் விட்டபின் நல்ல பக்ரீரியா கற்களில் பரவ ஏழெட்டுக் கிழமை காத்திருக்க வேண்டும். அதுவரை கல், தண்ணீர், வெளிச்சம், அவ்வளவுதான். அஜின்கோர்ட்டிலிருந்து வந்த அன்ரியின் தமையன், தேத்தண்ணிக் கோப்பையுடன் தொட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் அமர்ந்திருந்தார். நான் போய் பக்ரீரியாவைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உவ்வளவு லைற்றையும் போட்டு, கிருமியே வளர்க்கிறியள்?"

குறைகிற உப்பு

தொட்டித் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் தானாக வந்து நிரப்பும்படி ஒரு மிதவை பூட்டியிருந்தேன். உப்பு மாறாது. முதலாம் வருடப் பாடம் இது.

ஐந்தாம் கிழமை முப்பத்துநாலரை. ஆறாம் கிழமை முப்பத்துநாலு. ஏழாம் கிழமை முப்பத்துமூன்றரை. உப்பளக்க வேறு மீற்றர் கொண்டுவந்தேன். அதுவும் அதையே சொன்னது. முழங்காலில் நின்று, கசிவு உண்டோ என்று கடதாசித் துவாயால் குழாய் மூட்டுகள் எல்லாவற்றையும் ஒற்றிப் பார்த்தேன். ஈரமே இல்லை. அந்த இரண்டு வாளியைக் கரைத்தபோது ஏதாவது பிழை விட்டேனா? பதிவில் 'முப்பத்தைந்து' என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று பேனை ஒரு கணம் நின்றது. பவளத்துக்குத் தெரியும். முப்பத்துமூன்றரை என்றே எழுதினேன்.

பவளம் வரும் கிழமையில்தான் என் தகுதிகாண் காலமும் முடிகிறது. பதிவைப் பார்த்த மேலாளர் சிவா அண்ணை கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தொட்டி பிழை விடாது, தங்கச்சி. ஆள்தான் விடும். வாற கிழமைக்குள்ளை காரணத்தைக் கண்டுபிடியும், இல்லாட்டி நான் வேறை ஆளைப் போடவேணும்."

அப்பாவின் ஆலோசனை

அப்பா மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அன்று நான் சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்க, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"கடலிலை உப்புக் குறைஞ்சா ஆர் பொறுப்பு எண்டு உங்கடை யூனிவேர்சிற்றியிலை படிப்பிக்கேல்லையே?"

பக்கக் கதவு

நான் அளக்கப் போகும் நாள் திங்கள். மனம் பொறுக்காமல் ஞாயிறு காலையே சொல்லாமல் போனேன். பக்கக் கதவடியில் பதினைந்து சோடிச் செருப்பு. பேஸ்மென்ற் படியில் வரிசை. வேட்டியும் ரீசேர்ட்டுமாக நின்றவர்களின் கைகளில் செம்பு, பால் கான். ஒருவரிடம் இருபது லீற்றர் தண்ணீர்ப் போத்தல். வரிசையின் முடிவில், மாதிரி எடுக்க நான் பூட்டிய குழாயடியில், அங்கிளின் மனைவி மனோ அன்ரி ஸ்ரூல் போட்டு அமர்ந்து நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் கடலில் முழுகும் நாள். கடலுக்கு இரண்டு நாள் ஓட வேண்டிய ஊரில் பத்துப் படி இறங்கினால் கடல் என்று கோயிலில் பேச்சாகியிருக்கிறது. ஒரு மாதமாகவே ஒருவர் செத்தவீட்டு அந்தியேட்டிக் கிரியைக்கு, ஒருவர் புதுவீட்டில் தெளிக்க, ஒருவர் கடைக்குக் கண்ணூறு கழிக்க என்று கொண்டுபோயிருக்கிறார்கள். திங்களில் மட்டும் யாரும் வருவதில்லை. வேலை செய்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாதாம்.

"அன்ரி, உப்புக் குறைஞ்சுகொண்டு போகுது" என்றேன். அவர் கையை நிறுத்தாமல் நிமிர்ந்தார்.

"ஒண்டும் குறையேல்லை, பிள்ளை. அள்ள அள்ளத் தானா நிரம்புது."

கராஜ்

நிரப்பியது என் மிதவை. அள்ளிய கடலுக்கு ஈடாக நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தகப்பனின் பெயரை முணுமுணுத்தபடி செம்பை நீட்டி நிற்கிற மனிதரிடம் 'பவளம் வருகிறது, போங்கள்' என்பதா? பிறகு தண்ணீர் மாற்றுவதற்கென்று, ராங்கரில் வந்ததில் மிச்சம் ஆயிரம் லீற்றர் கராஜில் இருந்தது. வரிசையை அங்கே அனுப்ப ஒரே வழிதான் தெரிந்தது.

"அன்ரி, கராஜிலை இருக்கிறதுதான் அசல் கடல். இதிலை நான் உப்புக் கலந்திருக்கிறன்."

அன்ரி குழாயை மூடிவிட்டு, படியடியில் நின்ற அங்கிளைப் பார்த்தார். அங்கிள் மீனில்லாத தொட்டியை மிகக் கவனமாகப் பார்த்தார்.

"கலந்ததையே நான் ஒரு மாசமாச் சனத்துக்குக் குடுத்தனான்?"

காரணம் என்ற கட்டம்

உப்பை நாலு நாளாகச் சிறிது சிறிதாக ஏற்றி முப்பத்தைந்தில் நிறுத்தினேன். பவளம் வந்தது, விரிந்தது. அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அரை மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு சிவா அண்ணைக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஆடி அமாவாசை எண்டே எழுதும். கராஜிலை மிச்சமிருந்தா எனக்கும் ஒரு போத்தில் எடுத்து வையும். அப்பா போய் இது முதல் வருசம்."

கடலுயிரியல் படித்த நான் இப்போதெல்லாம் உப்புக் குறைந்தால் முதலில் பார்ப்பது மீற்றரை அல்ல, அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரை.