எட்டாம் நம்பர் பெட்டி

எந்த ஆஸ்பத்திரி கவுன்ட்டரானாலும் மனுவை நீட்டுமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள் அமிர்தவள்ளி. மணியை நிமிடத்தோடு தாளின் ஓரத்தில் எழுதுவாள். அப்புறம்தான் தாள் கைமாறும்.

ஆம்பூரில் என் ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகப் பேக்கிங் செய்கிறாள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஈரத்தோல் சுமந்த தோளோடு ஆரம்பித்து இன்று எழுபது மெஷின் ஓட்டுகிறேன். ஆள் பார்ப்பதில் நான் தவறியதில்லை. அவள் சேர்ந்த அன்றே தெரிந்துகொண்டேன், இவள் கண்ணுக்கு ஒரு கோணல் தையலும் தப்பாது என்று.

ஓரம் நசுங்கிய ஷூ பெட்டிகளை என்னிடம் கேட்டு வாங்கிப் போவாள். வீட்டில் ஆளுக்கொரு பெட்டி, அவரவர் கால் அளவில். மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அதற்குள். மகள் தேவிகாவுக்கு நாலாம் நம்பர், கணவன் சம்பத்துக்கு எட்டு.

சம்பத் தோல் பதனிடும் டேனரியில் தோலுக்குச் சாய ஸ்ப்ரே அடிப்பவன். இருமல் என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். நுரையீரலில் ஒரு புள்ளி. பழைய படம் இருந்தால் கொண்டு வா, புள்ளி அப்படியே இருந்தால் விட்டுவிடலாம், வளர்ந்திருந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த படம் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் இருந்தது. அன்று தனியாகப் போன சம்பத், அதைக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டான். எட்டாம் நம்பர் பெட்டியில் அது ஒன்றுதான் இல்லை.

அமிர்தவள்ளி அங்கே போய்க் கேட்டால், டாக்டர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். நான் ஒரு போன் போட்டால் அரை மணியில் படம் வரும், இந்த ஊரில் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. சொல்லிப் பார்த்தேன்.

"உங்க தயவு வோணாம் மொதலாளி. அவரு நெஞ்சு, அவரு படம். எழுதிக் கேட்டா எழுவத்திரண்டு மணி நேரத்துல குடுக்கணும்னு ரூல் கீது."

சம்பத்தையும் கூட்டிப்போய் அவன் கையெழுத்தோடு மனு கொடுத்தாள். பெற்றுக்கொண்டதாக முத்திரை விழும்வரை கவுன்ட்டரை விட்டு நகரவில்லையாம். "இன்னாம்மா பேஜார் பண்ற" என்றானாம் கவுன்ட்டர் பையன் மூர்த்தி. "எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. நீ மணிய மட்டும் சரியா போடு தம்பி" என்றாளாம்.

கெடு முடிய நாலு மணி நேரம் இருக்கையில் படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூலையில் பெயரையும் தேதியையும் படித்துவிட்டுத்தான் சம்பத்தைக் கையெழுத்துப் போடவிட்டாள். வேலூர் டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளி வளரவில்லை.

இனிப்போடு என் அறைக்கு வந்தாள். என் நெஞ்சிலும் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் காகிதமெல்லாம் எங்கே என்று கேட்டாள். எல்லாம் தலையிலேயே இருக்கிறது, நாற்பது வருடத்து ஆர்டரைத் தாள் பார்க்காமல் சொல்கிறவன் நான் என்றேன்.

"இன்னா மாத்திரை போடறீங்க, சொல்லுங்க."

வெள்ளை மாத்திரை என்றேன்.

பேக்கிங் பக்கம் போனாள். ஒன்பதாம் நம்பர் காலிப் பெட்டி ஒன்றோடு திரும்பினாள். மேசைக்கடியில் குனிந்து என் காலை ஒருமுறை பார்த்தாள். அதை எடுத்துப் போய்விட்டு, பத்தாம் நம்பரைக் கொண்டுவந்து வைத்தாள்.