மாமன் மடியில் ஒரு கள்ளிச்செடி

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இருப்பது ஒரே மாமன், நான்தான். தகுதி பார்க்காமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி என்பதால் பட்டுவேட்டி, துண்டு எல்லாம் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன்.

பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று பொள்ளாச்சியில் ஒரு பொம்மையும் வாங்கினேன். தொட்டியில் நிற்கும் துணிக் கள்ளிச்செடி. யார் எதைச் சொன்னாலும் இடுப்பை ஆட்டிக்கொண்டு கீச்சுக்குரலில் அதையே திருப்பிச் சொல்லும். கோயில் எல்லைக்கு அந்தப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்டில் மலையாளப் போலீஸ்காரர் காருக்குள் எட்டிப் பார்த்து, "எந்தா இது?" என்றார். "எந்தா இது?" என்றது கள்ளி. மனுஷர் சிரித்துவிட்டார். போலீஸையே சிரிக்க வைத்தது பிள்ளையைச் சிரிக்க வைக்காதா என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது.

கோயிலில், மொட்டைத்தலையில் சந்தனத்தோடு என் மடியில் உட்கார்ந்தாள். "அம்முணி, இங்க பாரு சாமி, செடி பேசுது." அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆசாரி ஒரு காதில் குத்திவிட்டார். வீறிட்டாள். அதே வீறலைக் கள்ளியும் வீறிட்டது, உடம்புக்குள் இருந்த விளக்கெல்லாம் மின்ன, இடுப்பை ஆட்டிக்கொண்டு.

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிள்ளை சட்டென்று நிறுத்தினாள். கள்ளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அழுதாள். மறுபடி அது அழுது காட்டியது. அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்கிறது என்று கத்தும் பிள்ளைக்குப் பழிப்புக் காட்ட ஒரு சாமான். எந்தப் புத்தியில் இதைச் செய்தான் ஒருவன்? எந்தப் புத்தியில் நான் வாங்கினேன்? பெட்டியில் 'குழந்தையின் உற்ற தோழன்' என்று வேறு அச்சடித்திருக்கிறான் பாவி.

"அத மொதல்ல நிறுத்துங்கண்ணா," என்றாள் தங்கை.

பொத்தானை அமுக்கினேன். பாட்டுப் பாடியது. இன்னொரு தரம் அமுக்கினேன். பழையபடி அழுதது. பேட்டரியைப் பிடுங்கலாம் என்றால் மூடியில் கடுகளவு திருகாணி. குழந்தை திறந்துவிடக் கூடாதாம். அக்கறை அதில் மட்டும். துண்டில் சுருட்டிக் கட்டினேன். துண்டு ஆடியது.

"ஏனுங் மச்சான், அதுக்கும் காது குத்தோணுமுங்களா?" என்றார் தங்கை வீட்டுக்காரர். திரும்பவும் சிரிப்பு. யாரையாவது கடித்துவிடலாம் போலிருந்தது.

"இன்னொரு காது இருக்குதுங்க," என்றார் ஆசாரி.

பிள்ளை என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி அவள் அப்பா மடியில் ஏறிக்கொண்டாள். அது முறையில்லை என்று யாரோ முனகினார்கள்.

"மாமன்கிட்ட வா சாமி."

"மாட்டேன். மாமா சிரிச்சாங்க."

அங்கேயே இரண்டாவது காதையும் குத்தினார்கள். அவள் கத்தவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு என் துண்டு மூட்டையையே பார்த்தாள். கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

"எத்தன கெட்டிக்காரி பாரு, அழுவவே இல்ல," என்று ஆளாளுக்குக் கொண்டாடினார்கள். "அழுவவே இல்ல," என்றது துண்டு.

அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் டிக்கியில் போட்டு அறைந்து சாத்தினேன். திரும்பி வந்து, "அது போயிருச்சு அம்முணி, இப்ப அழுவு," என்றேன்.

அப்பா தோளிலிருந்து மெல்லத் தலையைத் திருப்பினாள். சிரிக்கிறேனா என்று என் வாயைப் பார்த்தாள்.